நான் இல்லாமல் நான் எழுதிய கடிதம்

1999ஆம் வருடம், ஐப்பசி மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சரியாக நாலு மணி பத்து நிமிடத்துக்கு, பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நான் தட்டிய 'எம்' என்ற எழுத்து திரையில் விழவில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட். கல்யாணத்துக்கு முன்பே ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். நான் பழகிய இன்ஸ்டிடியூட்டில் எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுகிற மிஷின் என்று ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. 'ஒன்று' என்ற எண்ணுக்குத் தனிக் கட்டையே இல்லாமல், 'எல்' எழுத்தை அடித்துச் சமாளித்தவர்கள் நாங்கள். ஒரு எழுத்து போனால் என்ன?

எங்கள் ஒரே மகள் அப்போது சென்னையில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள், ஹாஸ்டல் வாசம். வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவாள். கடைசியாகப் பேசியபோது எனக்கு வயிற்றில் வலி இருப்பதையும், டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதையும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பெய்த மழையில் கேபிள் பழுதாகி எங்கள் தெரு முழுவதும் போன் செத்துக் கிடந்தது. பூத்துக்குப் போய் ஹாஸ்டலுக்கு முயன்றால், அத்தனை பெண்களுக்கும் ஒரே போன், எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை, சிறுநீரகத்தில் சின்னதாக ஒரு கல், நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். லீவுக்கு வந்தபோது அவள் எனக்கு இமெயில் அனுப்பச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் குடையை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்ததே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நாலு பையன்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்கும் உத்தேசம் இல்லை. இன்னொன்றில் நான். 'எம்' விழவில்லை என்றதும் கடைக்காரத் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"காலைல ஒருத்தன் டீயக் கொட்டிட்டாம்க்கா. அது ஒண்ணுதான் மக்கர் பண்ணுது. நீங்கதான் டைப்பிஸ்டாச்சே, சமாளிச்சிக்கிடுங்க."

டைப்பிஸ்டாச்சே என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் சிக்கல் அவளுடைய விலாசம். அதன் கடைசி எழுத்தே 'எம்'தான். ஸ்கேன் என்ன ஆயிற்று, உடனே எழுது என்று அவள் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்து, பதில் என்ற இடத்தை அமுக்கினேன். விலாசம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்பேன். அடிக்க ஆரம்பித்த பிறகுதான், தமிழில் அந்த எழுத்து இல்லாத வாக்கியம் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தது. மகளே என்று கூப்பிட முடியாது. நலம் என்று எழுத முடியாது. மழை, மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, எப்போதும் 'அம்மா எழுதுவது' என்றுதான் தொடங்குவேன். பக்கத்து எழுத்தைப் போட்டால் அண்ணா எழுதுவது என்றாகிவிடும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்பா எழுதுவது என்று தொடங்கினேன். யார் எழுதினால் என்ன, சேதி ஒன்றுதானே.

அதற்கப்புறம் மளமளவென்று வந்தது. நான் அனுப்பியது இதுதான்:

"அப்பா எழுதுவது. இங்கு கவலை இல்லை. ஸ்கேன் பார்த்தாச்சு. ஆழ்வார்குறிச்சி சித்தி வந்திருக்கிறாள். இனி இங்கேதான் இருப்பாள். போன் சரியில்லை. நீ அவசரப்பட்டு ஊருக்கு வராதே. படிப்பைப் பார். தைரியத்தோடு இரு."

சிறுநீரகம் என்பதிலும் அந்த எழுத்து இருந்ததால், கல் விவரத்தைப் போன் சரியானதும் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் தங்கை, மழை ஓயும்வரை எனக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்திருந்தாள். ஒருமுறை படித்துப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. அனுப்பிவிட்டு, படியிறங்கும்போது கடைக்காரத் தம்பியிடம், உன் கீபோர்டை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டே வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் போனுக்கு உயிர் வந்தது. முதல் வேலையாக ஹாஸ்டலுக்குப் போட்டேன். அதிசயமாகக் கிடைத்தது. எடுத்த பெண் என் மகளின் அறைத்தோழி. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபிலிருந்து வந்தாளாம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். அழுதுகொண்டே பையில் துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாளாம்.

ரிசீவரை வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். வயசுப் பெண், மழை நாள், அழுதுகொண்டு போயிருக்கிறாள். ஒரு தாய்க்கு என்னென்ன தோன்றுமோ அத்தனையும் தோன்றியது. யார் மேலாவது ஆசைப்பட்டு ஏமாந்துவிட்டாளா, படிப்பில் ஏதாவது ஆகிவிட்டதா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா. என் கடிதம் காரணமாக இருக்கும் என்று மட்டும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அது அவ்வளவு நல்ல கடிதம்.

ஊருக்குத்தான் கிளம்பினாள் என்றால் காலை ரயிலில் வந்திருக்க வேண்டும். என் கணவர் ஜங்ஷனுக்கு ஓடினார். மணியாச்சிக்கு முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் போகிறது, ரயில் கோவில்பட்டியிலேயே நிற்கிறது என்றார்களாம். அந்த ரயிலில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று யாரைக் கேட்பது? நனைந்துபோய்த் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவருக்குக் காப்பி போட்டேன்.

டம்ளரோடு நான் வெளியே வந்தபோதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது, நான் முன்பின் பார்த்தறியாத ஒரு அம்மாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள். முகம் வீங்கியிருந்தது. தலை நிமிரவே இல்லை. அந்த அம்மாள்தான் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார். பையத் திரும்பி அவள் தோளைத் தட்டினார்.

"ஏட்டி, உங்கம்மை குத்துக்கல்லாட்டம் நிக்காளே. இவளுக்காட்டி ராத்திரி பூரா அழுத?"

என் மகள் நிமிர்ந்தாள். ஓடி வரவில்லை. கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், அதற்கப்புறம்தான் அழுதாள். "அந்த லெட்டர் பூரா தேடினேன். நீ எங்கனயுமே இல்லையேம்மா" என்றாள்.

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை யாரும் நேராகச் சொல்வதில்லை. என் அப்பா இறந்தபோது எனக்கு வந்த சேதியும், ஒன்றுமில்லை, கவலைப்படாதே, தைரியமாக இரு என்பதுதான். நான் பஸ்ஸில் ஏறும்போதே புரிந்துகொண்டேன். அவளும் என் மகள்தானே. இமெயிலே அனுப்பத் தெரியாத அப்பா எழுதியிருக்கிறார். சித்தி வந்துவிட்டாள், இனி இங்கேதான் இருப்பாள் என்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்ப முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். எங்கள் போன் செத்துக் கிடந்தாலும், அவள் காதுக்கு மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுக்க ஆளில்லாத வீடு என்று முடிவு செய்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட என் கணவருக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது. "எம் பேர்ல கள்ளக் கடுதாசி போட்டு, உன்னையே கொன்னுபுட்டியே" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவராம். ஆழ்வார்திருநகரிக்குப் போக வேண்டியவர். தாயைப் பறிகொடுத்த பிள்ளையைத் தனியாக விட மனமில்லாமல் கோவில்பட்டியில் அவளோடு இறங்கி, பஸ் மாறி, எங்கள் வாசல்வரை வந்திருக்கிறார். கணவருக்காகப் போட்ட காப்பியை அவருக்குக் கொடுத்தேன். ஆற்றிக் குடித்துவிட்டு, இப்படி ஒரு சாவு வீட்டை நான் பார்த்ததே இல்லை என்று சிரித்தபடி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

இப்போதும் எந்தக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாலும் என்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை குறையவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை, அதில் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒவ்வொரு தடவையும், அன்று ஈரத் தலையோடு என் மடியில் படுத்துக்கொண்டு என் மகள் சொன்னது காதில் கேட்கிறது: "எழுத்து விழலேன்னா அந்த இடத்துல ஒரு புள்ளிய வச்சிட்டுப் போம்மா, நான் படிச்சிக்கிடுதேன். நீ இல்லாம மட்டும் எழுதிராத."