மேசைமேல் ஓடிய கன்வேயர்

அந்த மோட்டாரின் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது, அடுக்களையில் ஏதோ அரைபடுகிறது என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு மறுநாள் அது. லீடர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நீலாயில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைனில் வேலை பார்த்தோம். அவர் எங்களுக்கு லைன் லீடர். அவருடைய கணவர் செம்பனைத் தோட்டத்தில் பழக் குலைகளைத் தூக்கி ஏற்றும் லோரி ஓட்டியதால் எஸ்டேட் குடியிருப்பிலேயே வீடு. உள்ளே நுழைந்தால், சாப்பாட்டு மேசைமேல் முழங்கை நீளத்தில் ஒரு லோரி நின்றது. பிள்ளைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன லோரி. அக்கா ஒரு விசையைத் தட்டினார். லோரியின் முதுகிலிருந்த கை மெல்ல எழுந்தது, வளைந்தது, நகங்களை விரித்துத் தட்டிலிருந்த ஓர் அச்சுமுறுக்கைக் கவ்வியது, அப்படியே திரும்பிப் பின்னாலிருந்த தொட்டியில் இறக்கியது. தொட்டாலே நொறுங்குகிற முறுக்கு. ஒரு விளிம்புகூட உடையவில்லை.

"நம்ம லோரிகூட கொலய இவ்ளோ பதமா தூக்காதுலா," என்றார் அவருடைய கணவர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கதை கம்பெனி விருந்தில் தொடங்கியது என்று அக்கா சொன்னார். குலுக்கலில் மற்றவர்களுக்குச் சோறு வேக வைக்கும் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் விழ, இவருக்கு மட்டும் ஒரு பந்தயக் கார் செய்யும் பெட்டி விழுந்தது, மோட்டாரோடு. குக்கர் வேண்டும் என்று கேட்டு மாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார், யாரும் மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து ஒருமுறை காரைச் செய்தார். அது தரையில் ஓடிச் சுவரில் முட்டி நின்றது. "அவ்ளோதானா இதுன்னு இருந்துச்சு" என்றார். பிரித்துப் போட்டார். அதன் பிறகு அந்தப் பெட்டியிலிருந்த படத்தை அவர் பார்க்கவேயில்லை. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் கிலோக்கணக்கில் கட்டைகள் வாங்கினார். ஒரு பல்சக்கரத்தோடு இன்னொன்றைச் சேர்த்தால் வேகம் குறைந்து பலம் கூடுவதை, சக்கரத்தின் பற்களை விரலால் எண்ணி எண்ணித் தானே கண்டுபிடித்தார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். அந்த லோரியின் கைக்குள் ஏழு பல்சக்கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் விளக்கியபோது, எனக்குப் பாதி புரியவில்லை. புரியாமலே வாயைத் திறந்துகொண்டு கேட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் லைனில் தொல்லை தொடங்கியது. சோப்புப் பெட்டிகள் ஒரு பெல்ட்டில் வந்து, வளைவில் திரும்பி, இரண்டாவது பெல்ட்டில் ஏறிப் போகும். அந்த வளைவில் பெட்டிகள் சிக்கிக்கொள்ளத் தொடங்கின. ஒன்று குறுக்கே மாட்டும், பின்னால் வருபவை அதன்மேல் ஏறும், லைன் நிற்கும். வளைவில் நின்று பெட்டிகளை நேராக்குவது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் வேலை. கெமாஸிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்தாள். தகப்பன் இல்லாத வீட்டுக்கு அவள் சம்பளம்தான். கை மெத்தனம் என்று இன்ஜினியர் எழுதினார். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மூன்றாவது வந்தால் வேலை போகும். அவள் சாப்பாட்டு நேரத்தில்கூட வளைவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

அக்கா அவளுக்கு ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் எங்கள் லைன் இருந்தது. அந்த வளைவு, அதன் ஓரத் தடுப்பு, ரப்பர் வளையங்களால் ஆன இரண்டு பெல்ட், அட்டையில் வெட்டி ஒட்டிய குட்டிப் பெட்டிகள். எட்டு மணி நேரம் நான் அலுப்போடு பார்க்கிற அதே லைன், ஒரு கூடைக்குள் அடங்கும் அளவில் உயிரோடு ஓடியது. ஆனால் பெட்டிகள் சிக்கவில்லை. அரை மணி நேரம் ஓட்டினோம். ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகத் திரும்பின. அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் கலக்கக்கூட எழவில்லை. என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் வேலை தொடங்குமுன், இரண்டு பெல்ட்டின் ஓரத்திலும் தலா ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினார். இரண்டும் ஒரே நீளமுள்ள பெல்ட்டுகள். காலையில் இரு சிவப்பும் ஒரே நேரத்தில் வளைவைத் தொட்டன. தேநீர் இடைவேளைக்குள் முதல் பெல்ட்டின் சிவப்பு முந்திவிட்டது. சில மாதங்களுக்கு முன் முதல் பெல்ட்டின் மோட்டாரை மாற்றியிருந்தார்கள். அது கொஞ்சம், கண்ணுக்கே தெரியாத அளவு, வேகமாக ஓடியது. வாங்கும் பெல்ட்டைவிடத் தரும் பெல்ட் வேகம். பெட்டிகள் நெருக்கி நெருக்கிக் கடைசியில் ஒன்று குறுக்கே திரும்புகிறது. அன்று மாலை வீட்டில் ஒரே ஒரு பல்சக்கரத்தை மாற்றி முதல் பெல்ட்டைச் சற்று வேகமாக்கினார். மேசைமேல் இருந்த லைன் இரண்டே நிமிடத்தில் சிக்கியது. அதே இடத்தில், அதே கோணத்தில்.

மூன்றாவது கடிதம் கொடுப்பதா என்று முடிவு செய்யும் விசாரணை நாளன்று அதை ஒரு சந்தைக் கூடையில் வைத்துக் கம்பெனி பஸ்ஸில் கொண்டு வந்தார். மேனேஜர், இன்ஜினியர், அந்தப் பெண், சாட்சியாக நான். அக்கா கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோது இன்ஜினியர் சிரித்தார். விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். அக்கா விசையைத் தட்டினார். பெட்டிகள் போயின, நெருங்கின, ஒன்று குறுக்கே விழுந்தது. யாருடைய கையும் அதன் பக்கத்தில் இல்லை. பிறகு அக்கா சக்கரத்தைக் கழற்றி வேறொன்றைச் செருகினார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை, விரலே பார்த்துச் செய்தது. மறுபடி தட்டினார். எல்லாப் பெட்டிகளும் அமைதியாகத் திரும்பிப் போயின.

"சூபா லாகி," மறுபடியும் செய்யுங்கள் என்று மலாயில் சொன்னார் மேனேஜர். மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்றாவது முறை இன்ஜினியர் மேசை உயரத்துக்குக் குனிந்து, கன்னம் மரத்தில் படப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் கண்டது கோபமல்ல. தீபாவளிக்கு மறுநாள் என் முகத்தில் இருந்திருக்கக்கூடியது. அன்று பிற்பகலே அவர் முதல் பெல்ட்டின் மோட்டார் வேகத்தை அளந்து பார்த்துக் குறைத்தார். கடிதங்கள் இரண்டும் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டன. அவரே வளைவுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது நான் சி ரூசாவில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பெரிய இயந்திரங்கள், அடிக்கடி நிற்கும். நின்றதும் "யார் தொட்டது?" என்ற கேள்விதான் என் வாயிலும் முதலில் வருகிறது. வந்த பிறகு விழுங்கிக்கொள்கிறேன். அதற்குக் காரணம் அக்காவின் திறமையைக் காட்டிலும், விசாரணை முடிந்த அன்று மாலை பஸ்ஸில் அவர் சொன்னதுதான்.

கூடை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கேட்டாள்: "என்மேல தப்பிருக்கும்னு நீங்க ஒரு நாளும் நெனைக்கலயாக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகிற கேள்வி. அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"நெனச்சேன்மா. மொதல்ல செஞ்சதுல ஒரு பொட்டிகூட மாட்டல. அன்னிக்கு நீதான்னு முடிவே பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் செஞ்சது சரியா தப்பான்னு பாக்காம, உன்னத் தப்புன்னு எப்படி சொல்றது? அதான் மறுபடியும் பாத்தேன்."

அந்தப் பெண் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே செம்பனை வரிசைகள் ஓடின. கொஞ்ச நேரம் கழித்து, அக்காவின் மடியிலிருந்த கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எஸ்டேட் முனையில் பஸ் நிற்கும்வரை இரண்டு கைகளாலும் அதைக் குலுங்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.