அம்மாவுக்குத் தெரிந்த தேங்க்யூ

எனக்குச் சளி பிடித்திருக்கிறதென்று மருமகள் தைல இலை போட்ட வெந்நீரைக் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "தேங்க்ஸ்மா" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆவியில் அம்மாவின் வாசம் அடித்தது.

ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு துரைசாணியின் பங்களாவில் அம்மா வேலை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு முதல் சோலி என் கால்தான். பனியில் ஊறிய கான்வாஸ் ஷூவைக் கழற்றி, தைல இலை வெந்நீரில் பாதங்களை வைத்து, சோப்புக் காரத்தில் வெடித்த கையால் விரல் விரலாகத் தேய்ப்பாள். அந்தக் கை சொரசொரவென்றிருக்கும். எனக்கு அதுதான் சுகம்.

ஒருநாள் கான்வென்ட்டில் புதிதாகக் கற்றுக்கொடுத்ததை அவளிடம் சொன்னேன்: "தேங்க்யூம்மா."

அம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஏம்மா எந்திரிச்சிட்ட?"

"நீதான தாயி போகச் சொன்ன. தொரசாணி காப்பிய வாங்கிட்டு அதத்தான் சொல்லும். சொன்னா அங்கன நிக்கக் கூடாது, வெரசா வெளிய போயிறணும்."

அதற்கு நன்றி என்று அர்த்தம் என்றேன். அவள் நம்பவில்லை. "நமக்குள்ள அது வேணாம்" என்று மறுபடி உட்கார்ந்து, இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு வாங்கிக் கிடந்தபோது, சில்லிட்ட அவள் பாதங்களை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் வாய்வரை வந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

நான் சொல்லாமலே போய்விட்டாள்.