சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாலை

காலை ஐந்து நாற்பது. ஆக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் கதிரேசனின் வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது, காரின் கூரைமேல் பனியில் நனைந்துகொண்டிருந்த மூன்றடுக்கு டிபன் கேரியர். ஆகஸ்ட் மாதம்; இங்கே குளிர்காலம். கதிரேசன் கண்ணாடியில் படிந்த பனியை ஒரு பழைய பஸ் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கதிரேசன் என் மனைவியின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்தில் பொதுப்பணித் துறையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து ஒரு பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தவன். வடக்கே, நாட்டின் மெலிந்த மேல்முனையில் எந்தச் சாலை, எந்தப் பாலம், எந்தக் கைபேசிக் கோபுரம் முதலில் என்று வரிசைப்படுத்தும் பணி அவன் கையில் வந்திருந்தது. அன்று அங்கே பூர்வகுடிகளான மாவோரிகளின் குடியிருப்பு ஒன்றில் மக்களைக் கேட்கும் கூட்டம். உறவினர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் கிளம்பிவிட்டேன்.

டிபன் கேரியர் எதற்கு என்று கேட்டேன். வேலை பார்க்கும் ஊரில் கை நனைப்பதில்லை என்றான். துறையில் சேர்ந்த முதல் வருடம் பிடித்த பழக்கம். பாலத்தை அளக்கப் போன இடத்தில் ஒப்பந்ததாரர் வாங்கித் தரும் பிரியாணியில்தான் எல்லாம் தொடங்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டானாம். தண்ணீர்கூட வீட்டிலிருந்துதான்.

துறைமுகப் பாலத்தைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. எதிர்த்திசையில் நகரத்துக்குள் வரும் வண்டிகள் அந்த நேரத்திலேயே நெருக்கியடித்தன. எங்கள் பக்கம் காலி. வார்க்வர்த் வரைக்கும் புது விரைவுச்சாலை, வழவழவென்று போகிறது. அதற்குப் பிறகு சாலை ஒடுங்கி இரண்டே தடமாகிறது. கதிரேசன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். மூன்று முறை வானொலியைப் போட்டான், மூன்று முறையும் அணைத்தான்.

ஏழேகாலுக்கு பிரிண்டர்வின் மலைகளில் ஏறினோம். சில வருடங்களுக்கு முன் மழையில் சரிந்து, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பாதை இது. மூடியிருந்தபோது வடக்கே போகவேண்டிய லாரிகள் எல்லாம் சுற்றிப் போயின. மலையின் விலாவில் செதுக்கிய மண் இன்னும் புதிதாகச் சிவந்து கிடந்தது. தன் வரைவில் முதலிடம் இதற்குத்தான் என்றான் கதிரேசன். இந்தக் கழுத்தை யாராவது பிடித்தால் வடக்கு முழுவதும் மூச்சுத் திணறும். பாலும் மரமும் தெற்கே வராது, மருந்தும் பெட்ரோலும் வடக்கே போகாது.

"அப்புறம் எதுக்கு மக்களைக் கேக்கப் போற?" என்றேன்.

"கேக்காம எழுதினா அது வெறும் கணக்கு, அத்தான்" என்றான்.

ஃபாங்கரேயில் காபிக்கு நிறுத்தினோம். ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஃப்ளாட் வைட் என்கிற பால்காபி ஆறு டாலர். கதிரேசன் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்தான். இங்கேயும் வடக்குதானே என்று கேட்டேன். காபிக் கடைக்காரன் தன்னிடம் சாலை கேட்கவில்லை என்றான். பிறகு ஏன் ஃபிளாஸ்க் என்றதும் அதன் மூடியில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

கைகோஹேயைத் தாண்டிய பிறகு நெடுஞ்சாலையிலிருந்து இடப்பக்கம் பிரியும் உள்ளூர்ச் சாலை. அதன் பெயரையோ அது போய்ச் சேரும் குடியிருப்பின் பெயரையோ எழுதவில்லை. அங்கே கடை வைத்திருப்பவர் எழுத வேண்டாம் என்றார். பதினெட்டு கிலோமீட்டர். ஏழாவது கிலோமீட்டரில் சாலையின் பாதி ஆற்றுப் பக்கம் இறங்கிப் போயிருந்தது. மீதிப் பாதியில் ஒற்றை வரிசையாக வண்டிகளை விட, சூரியத் தகட்டில் ஓடும் தற்காலிக விளக்குகள் இரண்டு. சிவப்பு விழுந்தது. காத்திருந்தோம். எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓரக் கூம்புகளை உரசிக்கொண்டு வந்தது. அது கடக்கும்போது எங்கள் கார் அதிர்ந்தது. மழை வலுத்தால் இதையும் மூடிவிடுவார்கள். மூடினால் சுற்றுவழி, கூடுதலாக ஐம்பது நிமிடம்.

பத்தரைக்கு முன்பே தவமணியின் கடை வந்தது. இந்த நாட்டில் மூலைக்கடையை டெய்ரி என்கிறார்கள். பால், ரொட்டி, மீன்பிடித் தூண்டில், பிறந்தநாள் அட்டை, வாசலில் ஒற்றைப் பெட்ரோல் பம்பு. முப்பது கிலோமீட்டர் சுற்றில் வேறு பம்பு கிடையாது. பெட்ரோல் ஆக்லாந்தைவிட லிட்டருக்கு நாற்பது சென்ட் அதிகம் என்று பலகையில் கண்டேன். ஆக்லாந்தின் விரிப் பகுதிக் கிடங்கிலிருந்து சரக்கு லாரி வாரம் இருமுறை வந்துகொண்டிருந்ததாம். சாலை சரிந்த பிறகு ஒருமுறைதான்.

தவமணி யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம். போன முறை கதிரேசன் சாலையை அளக்க வந்தபோது தேநீர் கொடுத்து, அவன் மறுத்ததை மறக்கவில்லை.

"வாங்கோ இஞ்சினியர் தம்பி. இண்டைக்கும் உங்கட தண்ணிதானோ? என்ர தேத்தண்ணியில நஞ்சே போட்டு வச்சிருக்கு?"

"அப்படியில்லக்கா. பழக்கம்."

"நல்ல பழக்கம்" என்றார். குரலில் பாராட்டு இல்லை.

கல்லாவுக்குப் பின்னால் மின்கணப்புக்குப் பக்கத்தில் அவருடைய கணவர் சிவகுரு கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். விடிவதற்கு முன் தவமணி காரை எடுத்து, அந்த ஒற்றைத் தடத்தைக் கடந்து, மருத்துவமனை இருக்கும் ஊருக்கு ஓட்டிப்போய், ஐந்து மணி நேரம் காத்திருந்து, திரும்ப ஓட்டி வருகிறார். திரும்பும்போது வளைவுகளில் சிவகுரு வாந்தி எடுப்பார். வீட்டிலேயே மெஷின் வைக்கலாம் என்றார்களாம். இவருடைய இதயத்துக்கு அது சரிவராது என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை கடையைப் படம் எடுக்க வீடு விற்கும் முகவர் வருகிறார். வாங்க ஆள் கிடைத்தால் ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் மகளின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகளின் வீட்டிலிருந்து மருத்துவமனை பக்கம்.

"றோட்டை முதல்ல போடினம் எண்டால் அவனை வர வேண்டாம் எண்டு சொல்லிடுவன்" என்றார் தவமணி. "இருபத்தொரு வருசம் தம்பி. இந்தச் சனத்தை விட்டிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை."

சிவகுரு என்னைப் பார்த்து, "பம்பையும் சேர்த்துத்தான் விக்கிறா. என்னை மட்டும் கொண்டு போறாவாம்" என்றார்.

பதினொன்றுக்கு மராயே என்கிற கூடுமிடத்துக்குப் போனோம்; சிவகுருவைக் கடையில் விட்டுவிட்டுத் தவமணியும் வந்தார். பச்சை மேட்டில் செதுக்குமரங்கள் வைத்த மண்டபம், பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். இந்த முறைகளை அறிந்த ஒருவரை அலுவலகம் எங்களோடு அனுப்பியிருக்க வேண்டும். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதாக முந்தைய நாள் இரவு செய்தி வந்திருந்தது. கதிரேசன் கூட்டத்தைத் தள்ளிவைக்க மனமில்லாமல் கிளம்பிவிட்டான்.

வாசலில் நின்றோம். உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலெடுத்து அழைத்தார். நடந்து போய் உட்கார்ந்தோம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் பேசினார், பாடினார்கள். பிறகு எங்கள் முறை. கதிரேசன் பேசினான். பேச்சு முடிந்ததும் உட்காரப் போனான்; பேச்சுக்குப் பின் பாட்டு வரவேண்டும் என்று பின்வரிசையிலிருந்து தவமணி தமிழில் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக் காலை வணக்கப் பாட்டை இரண்டு வெவ்வேறு சுருதியில் பாடினோம். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர்கள் முறைப்படி வரிசையாக நின்று எங்களோடு மூக்கோடு மூக்கும் நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தோம்.

நீள மேசைகளில் வறுத்த ஆட்டிறைச்சி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, மீன், கீரை, எண்ணெயில் பொரித்த ரொட்டி. விடிவதற்கு முன்பே சமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கதிரேசன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து, மேலடுக்கைத் திறந்தான். புளியோதரை வாசனை பரவியது.

முதலில் எங்கள் மேசை அமைதியானது. பிறகு அடுத்த மேசை. கூட்டத்தை நடத்தும் மெரே என்ற பெண்மணி வந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஏதாவது இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதிரேசன் ஒப்பந்ததாரரின் பிரியாணியிலிருந்து தொடங்கித் தன் விதியைச் சொன்னான். எது முதலில் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறேன், உங்களிடம் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று மரியாதையாகவே சொன்னான். மெரே கோபப்படவில்லை. ஆனால் சாப்பிடும்வரைக்கும் நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள், வாசலில் நிற்பவரோடு எங்கள் சாலையை எப்படிப் பேசுவது என்றார். சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் எழவில்லை. பாத்திரம் கழுவப் போனவர்களும் நின்றுவிட்டார்கள்.

கதிரேசனின் காது சிவந்துவிட்டது. எல்லாப் பக்கமும் பார்த்தான். மூடியை மூடவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. தவமணி எழுந்து வந்து அவன் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, இது பிரியாணி வாங்கித் தாற ஆக்களில்லை. இவையள் சாப்பாட்டாலதான் கதவைத் திறக்கிறவை. நீங்கள் சாப்பிடாட்டிக் கதை தொடங்காது. கதை தொடங்காட்டி என்ர மனுசன்ர றோட்டைப் பற்றி ஆர் கதைக்கிறது?"

"அக்கா, நான் சாப்பிட்டுட்டு அப்புறம் எழுதினா…"

"என்ன எழுதினாலும் எழுதுங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ."

கதிரேசன் கேரியரின் மூன்று அடுக்குகளையும் பிரித்தான். எழுந்துபோய் மூன்றையும் நடு மேசையில், இறைச்சித் தட்டுகளுக்கு நடுவே வைத்தான். புளியோதரை, உருளைக்கிழங்குப் பொரியல், தயிர்சாதம். பிறகு ஒரு தட்டை எடுத்து சர்க்கரைவள்ளியும் மீனும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கூடம் மறுபடியும் பேசத் தொடங்கியது. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் புளியோதரையை ஒரு கரண்டி வைத்து, தும்மி, இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டார். தயிர்சாதம் அப்படியே இருந்தது.

ஒன்றரைக்குப் பேச்சு தொடங்கியது. அங்கே கை தூக்கி எண்ணுவதில்லை. பேச வேண்டியவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கதிரேசன் வரைபடத்தை விரித்தான். மலைச்சாலைக்கு மத்திய அரசின் பணம், உள்ளூர்ச் சாலைக்குப் பாதி மாவட்ட மன்றத்தின் பணம், இரண்டும் ஒரே பையிலிருந்து வராது என்று விளக்கினான். உங்கள் பக்கத்துக்கு எது முதலில் என்பதைத்தான் கேட்க வந்திருக்கிறேன் என்றான். மரலாரி ஓட்டுபவர் பாலத்தை அகலப்படுத்தச் சொன்னார். கைக்குழந்தையோடு வந்த பெண் கைபேசிக் கோபுரம் கேட்டார். சாலையில் வண்டி கவிழ்ந்தால் அழைக்கவே வழியில்லையாம். தவமணி சாலையைக் கேட்டார். வாரத்தில் மூன்று நாள் தன் கணவரோடு போகும் பாதையை வளைவு வளைவாகச் சொன்னார். கூடம் கவனித்துக் கேட்டது.

மெரே கடைசியாகப் பேசினார். சிவகுரு மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் அதே பாதையில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இன்னும் பலர். சிலர் போவதை நிறுத்திவிட்டார்கள், அவர்களை இந்த மேட்டில்தான் அடக்கம் செய்தோம் என்றார். சாலையை எத்தனை முறை போட்டாலும் மழை கொண்டுபோகும். இங்கிருக்கும் சிறு கிளினிக்குக்கு நின்றுபோகாத மின்சாரமும் சுத்தமான தண்ணீரும் கொடுங்கள், மெஷினும் அதை இயக்கும் நர்ஸும் இங்கே வரட்டும். அது முதலில். சாலை இரண்டாவது. நீண்ட நேரம் பேசினார்கள். யாரும் மறுக்கவில்லை. தவமணியும் மறுக்கவில்லை. கதிரேசன் அப்படியே எழுதிக்கொண்டான்.

நாலேகாலுக்குக் கடை வாசலில் விடைபெற நின்றோம். தவமணி மூன்று கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். கதிரேசன் வாங்கிக்கொண்டான்.

"மெரே சொன்னது சரிதான்" என்றார் தவமணி. "எனக்கு வாதாட ஏலாது. றோட்டெண்டால் எவ்வளவு காலம்?"

"முதல்ல வச்சா, ஒரு கோடைக்குள்ள முடிக்கலாம்க்கா."

"கிளினிக்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

தவமணி உள்ளே பார்த்தார். சிவகுரு கம்பளிக்குள் தூங்கிவிட்டிருந்தார். "அவரை ரெண்டு வருசம் இந்த வளைவில ஏத்தி இறக்கேலாது தம்பி" என்றார். காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கதிரேசன் வானொலியைத் தொடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலும் மலைக்கிராமங்களுக்குச் சாலையா ஆஸ்பத்திரியா என்ற பேச்சு நடப்பதுண்டு. பெரும்பாலும் அந்தக் கிராமத்துக்காரர்கள் இல்லாத அறையில். இங்கே ஊர் முழுக்க உட்கார்ந்து பேசி, சரியானதைத்தான் முடிவு செய்தது. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரிண்டர்வின் இறக்கத்தில் மழை பிடித்தது. எட்டரைக்கு ஆக்லாந்தின் விளக்குகள் தெரிந்தன. கழுவித் தந்திருந்த டிபன் கேரியர் பின்சீட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம் கதிரேசன் தவமணியை அழைத்துப் பேசினான். முகவர் புதன்கிழமை வந்தாராம். சாலை மூடியிருந்ததால் சுற்றுவழியில் வந்து சேர ஐம்பது நிமிடம் தாமதம்.