தார் வாசனை என்றார் கணவர்

என் கணவர் லுணுகலையில் டீசல் பிக்கப் ஓட்டுகிறார். கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது நானும் கூடப் போவேன்.

கோயில் வளைவு ஏற்றத்தில் எப்போதும் முதல் கியருக்கு வந்துவிடும் வண்டி, ஒருநாள் மூன்றாம் கியரிலேயே பாய்ந்து ஏறியது. கூடவே ஏதோ கருகும் வாசனை.

"என்னங்க வாசன இது?"

"ரோட்டுத் தார் உருகுது."

விடிய விடிய மழை பெய்த ரோட்டில் தார் உருகுமா? முந்தின வாரம் பதுளை கராஜுக்கு இரண்டு தடவை எதற்குப் போனார்? கேட்டதற்கு, "ஆயில் மாத்த" என்றார். ஆயில் மாற்றியவர் ஏன் தனியாகச் சிரித்துக்கொள்கிறார்?

அடுத்த வாரம் அதே வளைவில் எஞ்சின் அலறியது. வண்டி மட்டும் ஏறவில்லை. நனைந்த ரோட்டில் பாரத்தோடு மெல்லப் பின்னால் சறுக்கியது. பிரேக்குக்கும் நிற்கவில்லை. பின்னால் பள்ளம். நான் குதித்து, வண்டியின் பின்தட்டில் கிடந்த மரக்கட்டையை இழுத்துச் சக்கரத்துக்கடியில் தள்ளினேன். நின்றது.

அப்புறம்தான் வாயைத் திறந்தார். ஏற்றத்தில் வேகமாகப் போக, பதுளை கராஜில் எஞ்சின் பவரைக் கூட்டியிருக்கிறார்.

வண்டியைப் பார்த்த வேறொரு மெக்கானிக், "கூட்டுன பவரத் தாங்காம கிளச் கருகிருச்சுங்க அக்கா. அது வழுக்குனதாலதான் கியர்பாக்ஸ் ஒடையாம தப்பிச்சுது" என்றார்.

பவரைக் குறைத்து, புது கிளச் போட்டோம். இப்போது கராஜுக்கு நானும் போகிறேன். எதைக் கூட்டினாலும், "கியர்பாக்ஸ் தாங்குமா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

"இனிமே ஒண்ணும் ஆகாது" என்கிறார் கணவர். இருக்கட்டும். மரக்கட்டை இப்போது என் காலடியில்தான் இருக்கிறது.