மெஷினின் மறுமுனை

அப்பாவின் நோய் முதலில் தெரிந்தது தேயிலைச் செடியில்தான். மேசைபோல் மட்டமாக இருக்க வேண்டிய செடி நிரை, அவர் நடந்த பக்கம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது.

மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் இப்போது கொழுந்தை மெஷினால் வெட்டுகிறார்கள். நிரையின் இருபுறமும் இருவர், ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடக்க வேண்டும். அப்பா ஒரு முனை, முனியாண்டி மாமா மறுமுனை. பதினெட்டு வருட ஜோடி.

அன்று சாயங்காலம் மாமா வாசலில் நின்று கத்தினார். "என்னா மச்சான், செடிக்கு மொட்டை அடிச்சிட்ட? கணக்குப் பார்க்கிற கிராணி என்னைத்தான் ஏசுறாரு லா."

"நெட்டைக்கொக்கோட ஜோடி சேர்ந்தா அப்படித்தான்," என்றார் அப்பா. சிரித்தபோது இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

அப்பா இதே தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். பதினான்கு வயதில் புல் வெட்டப் போனார், இப்போது ஐம்பத்தொன்பது. என்னைத் தோளில் தூக்கிப் பள்ளி பஸ்ஸுக்குக் கொண்டுபோனவர். எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் நான் வாசித்துச் சொன்னால்தான் வீட்டில் நம்புவார்கள்.

அப்பாவின் வலது கையைப் பார்த்துவிட்டு, "மெஷின் அதிர்வுப்பா. எல்லாருக்கும் வர்றதுதான்," என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவர் புஜத்தில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் ஒரு துடிப்பு ஓடியது. மெஷினைத் தொடாத ஞாயிற்றுக்கிழமையும் அது நிற்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் மறுவாரமே நிரை மட்டமாகிவிட்டது. கை சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஈப்போ மருத்துவமனைக்குப் போனோம். தசைக்குள் மெல்லிய ஊசி செருகி மின்னோட்டம் பார்த்தார்கள். இயக்க நரம்பணு நோய் (தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய்).

"இடையில கை சரியாச்சா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆமாம் டாக்டர். கொஞ்ச மாசம் நல்லா வேலை செஞ்சாரு."

கூட வந்திருந்த மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சரியாகல டாக்டர். எஞ்சின் இருக்கிற கனமான முனைய நான் எடுத்துக்கிட்டேன். கைய மெஷின் நடுவுக்குத் தள்ளிப் பிடிச்சா இவன் பக்கத்துப் பாரமும் எனக்கு வந்துரும். சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு சத்தியம் வாங்கிட்டான்."

அப்பா அவரை முறைத்தார். "வாய மூடுடா."

"முன்னாடியே வந்திருந்தாலும் குணமாக்க முடியாது," என்றார் மருத்துவர். "ஆனா மருந்து கொஞ்ச நாள் கூட்டிக் குடுத்திருக்கும்."

அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இப்படித் துடிப்பு கண்டால் நீங்கள் சீக்கிரம் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் பாரத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

வெட்டிய செடி மூன்று வாரத்தில் மறுபடி துளிர்க்கும். எங்கள் காலமும் அந்தச் சுற்றில்தான் போகிறது. ஒரு சுற்றில் சீப்பு அவர் கையை விட்டுப் போனது. அடுத்த சுற்றில் கரண்டி. போன சுற்றில் என் பெயர் அவர் வாயில் குழைந்தது.

காலையில் தேத்தண்ணிக் குவளையை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்கிறோம்.

"விடு, நானே தூக்குறேன்," என்கிறார்.

எடை முழுவதும் என் பக்கம் இருக்கிறது. "நீங்கதான்பா தூக்குறீங்க," என்கிறேன்.

ஒரு மடக்கு அவர் வாய்க்குள் போகிறது. அவர் விழுங்கும் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. அந்த நேரம் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் நீள்கிறது.