மீன் படம் போட்ட பொத்தான்

அம்மா ஊருக்குப் போனபோது அவருடைய வேலையை இரண்டு மாதத்துக்கு நான் ஏற்றுக்கொண்டேன். இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. வீட்டு வேலையில் இருப்பவர் லீவில் போனால் மகளோ தங்கையோ மச்சாளோ அந்த வீட்டில் போய் நின்று இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். இடைவெளி விட்டால் வேறொருத்தி வந்து நின்றுவிடுவாள். மன்னாரில் அக்காவுக்கு முதல் பிரசவம். அம்மா பிரசவத்துக்கு நின்றார். பிறகு பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நின்றார். பிறகு ஞானஸ்நானத்துக்கு நின்றார். ஞானஸ்நானம் வைக்க, பிள்ளையின் பெரியப்பா கனடாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

அம்மா வேலை செய்த வீடு பலெர்மோவின் சீசாப் பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருந்தது. வயதான வீட்டுக்காரியை நாங்கள் சிஞ்ஞோரா என்போம்; ஊன்றுவண்டியைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை நடப்பார். வெளியே போவதில்லை. நானும் அங்கேயே தங்கியிருந்தேன். ஞாயிறு காலையில் கீழ்வீட்டுப் பெண் வந்து அவருடன் இருப்பார். அந்த நேரத்தில் நான் பூசைக்குப் போய்வருவேன். கிழமை முழுவதிலும் நான் படியிறங்குவது அப்போது மட்டும்தான். கடைச் சாமான்கள் வீட்டுக்கே வந்தன.

ஒப்பந்தத்தில் வியாழன் பின்னேரம் லீவு என்றுதான் இருந்தது. ஆனால் போன கோடையில், அம்மா லீவில் போன ஒரு வியாழனில், சிஞ்ஞோரா வெக்கையில் ஒரு மிடறும் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் வடக்கே தொரீனோ நகரில் இருக்கும் அவருடைய மகள், தாயைத் தனியே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் தலையாட்டிவிட்டார். அம்மா விட்டுக்கொடுத்த வியாழனையும் சேர்த்துத்தான் நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவள். பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது பழக்கம். சிஞ்ஞோரா ஏன் குடிப்பதில்லை? தாகம் தெரிவதில்லை என்பது ஒன்று. போத்தல் மூடியைத் திருக விரல்களில் பலம் இல்லை என்பது இன்னொன்று. குழாய்த் தண்ணீரை அவர் குடிக்கமாட்டார். யாராவது வார்த்துக் கொடுத்துப் பக்கத்தில் நின்றால்தான் குடிப்பார். பழைய ஃபிரிட்ஜ் பழுதாகி, மகள் புதியது வாங்கப் பார்த்தபோது, குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் கதவிலேயே தண்ணீரும் ஐஸும் தருகிற ஒன்றை எடுக்கும்படி நான்தான் சொன்னேன்.

அதில் எல்லாவற்றையும் நம் விருப்பப்படி அமைக்கலாம். உயரம் குறைந்த தட்டைத் தெரிவு செய்தேன். விரல் வேண்டாம், முழங்கையால் அழுத்தினாலே போதும் என்கிற அகலமான நெம்பு. ஒருமுறை அழுத்தினால் சின்னக் கிளாஸ் அளவு விழுந்து தானாக நிற்கும். சுடுதண்ணீரைப் பூட்டிவிட்டேன். கதவுத் திரையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான், பெயருக்குப் பதிலாகப் படம்; படத்தைத் தொட்டுவிட்டு நெம்பை அழுத்த வேண்டும். சிஞ்ஞோராவுக்கு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், மிதமான குளிரில் தண்ணீர். எனக்கு மீன், நொறுக்கிய ஐஸ். விருந்தாளிக்குக் கோப்பை. எந்தப் பொத்தானில் எவ்வளவு எடுத்தது என்பது மகளின் போனிலும் என் போனிலும் தெரியும்.

“மீன் ஏன்?” என்று சிஞ்ஞோரா கேட்டார். அவர் பேசியது இத்தாலியன். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழும்.

“நான் மன்னார். அங்கை மீன்தானே.”

“சரிதான். மீன் ஐஸிலைதான் கிடக்கோணும்.”

ஃபிரிட்ஜைப் பொருத்த வந்தவர் நகரின் ஒரேத்தோப் பகுதியில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். மேல்தளத்தில் தண்ணீர் அழுத்தம் காணாது, பம்ப் ஒன்று போட வேண்டிவரும் என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்ததுதான். பம்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

“நீர் எங்கை படிச்சனீர்?”

சொன்னேன்.

“அப்ப இஞ்சை என்ன செய்யிறீர்?”

“அம்மாவின்ரை வேலையைப் பார்க்கிறன்.”

அவருடைய உதவியாள் ஜெர்மனிக்குப் போய்விட்டானாம். வியாழன் பின்னேரங்களில் வந்து வேலை செய்து காட்டும்படியும், பிடித்தால் பிறகு முழுநேரம் கதைக்கலாம் என்றும் சொன்னார். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். இந்த ஊருக்கு வந்தபின் என் படிப்பைப் பற்றி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே மகளோடு போனில் கதைத்தேன். அவர் நியாயமான மனுஷி.

“அம்மா தானாத் தண்ணி எடுத்துக் குடிக்கத் தொடங்கட்டும். தேசிக்காய்ப் பொத்தானிலை எனக்குத் தெரியும்தானே. அப்ப வியாழனை விடலாம்” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “மற்ற நேரமும் ஆள் எவ்வளவு தேவையெண்டு பார்க்கலாம்” என்றார். இரண்டாவதாகச் சொன்னதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வார்த்துக் கொடுக்கும்போது தேசிக்காயைத் தொடுவதில்லை, கோப்பையைத்தான் அழுத்துவேன். தேசிக்காயில் விழுவது சிஞ்ஞோரா தன் கையால் எடுத்ததாகவே இருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் விழவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு குசினிக்கு வருவார், ஃபிரிட்ஜைப் பார்ப்பார், கதிரையில் உட்கார்ந்துவிடுவார்.

“ஒருக்கா அமத்திப் பாருங்கோ, சிஞ்ஞோரா.”

“இந்தப் பெட்டிக்கு முன்னாலை போய் நான் கையேந்தி நிக்கிறதோ?”

“நான் பக்கத்திலை நிக்கிறன்.”

“நீ பக்கத்திலை நிக்கிறாய் எண்டால் நீயே அமத்தன்.”

முழங்கையால் எப்படி என்று காட்டினேன். முழங்கை நோகிறது என்றார். நெம்பை இன்னும் இலகுவாக்கினேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார், குறைத்தேன். தண்ணீர் பல்லில் கூசுகிறது என்றார், குளிரைத் தணித்தேன். மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது, “நல்ல சாமான்தான். எனக்கு ஏலாது, அவ்வளவுதான்” என்று சாந்தமாகச் சொன்னார்.

வியாழன்கள் போய்க்கொண்டிருந்தன. யன்னலுக்குக் கீழே பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எந்த இலக்கம் ஒரேத்தோப் பக்கம் போகிறது, எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அந்த வீட்டின் கதவு ஒருநாளும் பூட்டிக் கிடந்ததில்லை. திறப்பு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அந்த நாட்களில் மகள் ஒருமுறை போனில் சிரித்தார். “மீன் நல்லா ஐஸ் சாப்பிடுது. தொண்டை கவனம்.”

நான் ஐஸைத் தொட்டே நாளாகியிருந்தது. போனைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். மீன் பொத்தானில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐஸ் போயிருந்தது. வழக்கம்போல் காரணங்களை வரிசைப்படுத்தினேன். திரையில் ஈரம் பட்டுத் தானாக அழுத்துகிறதா? ஐஸ் கதவு இறுகிக்கிடக்கிறதா? பம்பு ஓடும்போது மின் அழுத்தம் மாறுகிறதா? பம்புதான் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் எங்கள் பகுதிக்குக் குழாயில் தண்ணீர் வருவதும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அது வருகிற நாளில் நான் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கி நிரம்பும்வரை நின்று, வால்வை மூடிவிட்டு வருவேன். ஐஸ் போனது அந்த நேரங்களில்தான். பட்டறைக்காரரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த தண்ணீர் நாளில் மாடிப்படியில் பாதி ஏறியபின்தான், மொட்டைமாடிக் கதவின் திறப்பைக் குசினியில் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். கதவைத் திறந்தபோது உள்ளே ஐஸ் நொறுங்கும் சத்தம்.

சிஞ்ஞோரா ஃபிரிட்ஜின் முன் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, அதில் சாய்ந்து நின்றிருந்தார். முழங்கையை நெம்பில் வைத்திருந்தார், நான் சொல்லிக்கொடுத்தபடியே. மற்றக் கையில் கண்ணாடிக் கிண்ணம். மேசையில் பிழிந்த தேசிக்காய்ப் பாதி கிடந்தது. ஐஸ் விழுந்து முடிந்ததும் கரண்டியால் அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்படி விருப்பத்தோடு எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது நான் நின்றிருந்தேன்.

“தாங்கி நிரம்பியிட்டுதோ?” என்று கேட்டார்.

“உங்களுக்கு ஏலாது எண்டு சொன்னனீங்கள்.”

“உன்ரை பொத்தான் ஏலும். என்ரை பொத்தான்தான் ஏலாது.”

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் பேசியதைக் கேட்கக் கேட்க அதை வைக்க இடம் தெரியவில்லை.

“தேசிக்காயை நான் அமத்தினால் அங்கை அவளுக்கு மணி அடிக்கும். அம்மா நல்லா இருக்கிறா எண்டு சந்தோஷப்படுவாள். முதல் கிழமை நீ வியாழன் போவாய், சரி. அடுத்த மாதம், காலையிலை மட்டும் ஒரு ஆள் போதும் எண்டுவாள். எனக்கே சொல்லிப்போட்டாள். பிறகு இரவிலை நானும் இந்தப் பெட்டியும்தான். கொம்மா திரும்பி எதுக்கு வாறது? காலமை ரெண்டு மணித்தியாலத்துக்கோ?”

மகள் சொன்ன இரண்டாவது வசனம் அப்போதுதான் எனக்குள் விழுந்தது. சிஞ்ஞோரா குடித்தால் அம்மாவுக்கு வேலை இல்லை. குடிக்காவிட்டால் எனக்கு வியாழன் இல்லை. அந்தப் பெட்டியைத் தெரிவு செய்து, உயரமும் அளவும் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது நான்.

“பட்டறைக்காரர் இந்த மாதம் வரைக்கும்தான் பார்ப்பாராம்” என்றேன்.

அவர் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினார். “அப்ப போவன்.”

“உங்களை ஆர் பார்க்கிறது?”

“மீன் பார்க்கும்.” கரண்டியால் ஃபிரிட்ஜைக் காட்டினார். “நீ போனபிறகு நான் அதை அமத்துவன். ஒருக்கா, பிறகும் ஒருக்கா. அவள் பார்த்தால் நீ வீட்டிலை நிண்டு ஐஸ் சாப்பிடுறாய். போன் எடுத்தால் நீ மேலை தாங்கியடியிலை. நீ பார்த்தால் நான் விழேல்லை எண்டு தெரியும். ஒரு பொத்தானிலை ரெண்டு பேருக்கும் செய்தி.”

அதில் பிழையான இடங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நிறைய இருந்தன. அவர் மீனை அமத்திவிட்டு விழுந்தால்? மகள் திடீரென்று வந்தால்? கீழ்வீட்டுப் பெண்ணிடம் மட்டும் என் போன் இலக்கத்தையும் இன்னொரு திறப்பையும் கொடுத்தேன்.

முதல் வியாழன் புறப்படும் முன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கேல்லையாம், குஞ்சு. ஞானஸ்நானம் தள்ளிப்போச்சு. அங்கை ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”

“இல்லை, அம்மா.”

“சிஞ்ஞோரா தண்ணி குடிக்கிறாவோ?”

“ஓம். குடிக்கிறா.”

பட்டறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜைக் கழற்றித் தந்தார்கள். கொம்பிரசரின் பின்பக்கத் தூசியைத் துடைத்தபோது கைக்கு எல்லாம் நினைவிருந்தது. போனை மேசையில், திரை மேலே தெரிய வைத்திருந்தேன். திரை இருட்டாகக் கிடந்தவரை ஒரு ஸ்க்ரூவும் கழலவில்லை. திரும்பிப் போக எந்த பஸ், எவ்வளவு நேரம் என்பதே தலைக்குள் ஓடியது.

“என்ன, ஆரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

“என்னைத்தான்” என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பின்னேரம் பாதி போனபிறகு திரை ஒளிர்ந்தது. மீன் படம். நொறுக்கிய ஐஸ், ஒரு கிண்ணம்.

முழுநேரமாக வரலாம் என்று அவர் அன்றே சொன்னார். இப்போதைக்கு வியாழன் மட்டும்தான் முடியும், அம்மா வந்தபிறகு பார்ப்போம் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். ஞானஸ்நானம் முடிந்ததும் என்றேன்.

இப்போது ஒவ்வொரு வியாழனும் ஒரேத்தோவுக்குப் போகிறேன். முதல் மீன் வந்தபின்தான் என் கைகள் வேலை செய்யத் தொடங்கும். இரண்டாவது வருவதற்குள் முடிந்ததைச் செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். தொரீனோவில் இருப்பவரின் போனில் அந்த நேரம் முழுவதும் நான் சீசாவில் குசினியில் நின்று ஐஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமை அவர் மறுபடி சொன்னார், தொண்டை கவனம் என்று.