கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே

டயர் கடையில் நிற்பவனுக்குக் கையில் கறுப்பும் மனசில் சந்தேகமும் எத்தனை சோப் போட்டாலும் போகாது. பதுளையில் பதினாலு வருஷமாக டயர் மாட்டுகிறேன். பெரிய டயர் ஆசையில் விழுந்து, முதல் வளைவிலேயே "கர்ர்ர்" சத்தம் கேட்டு நொந்துபோனவர்களே, இது உங்களுக்காக.

தூக்கக் கூடாது, உயரணும்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கெப், அதாவது பின்னால் திறந்த பிக்கப் வண்டி, ஓட்டும் செல்வம் ஒருநாள் வந்தார். கொழுந்து மூட்டையும் ஏற்றுவார், ஆஸ்பத்திரிக்கு ஆளும் ஏற்றுவார். பெரிய டயர் வேண்டும், ஆனால் ஸ்பிரிங்கில் கட்டை வைத்து வண்டியைத் தூக்கும் வேலை எதுவும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. அவர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போகும் பாதையின் நடுவில் ஒரு கல். ஒவ்வொரு தடவையும் வண்டியின் அடியில் இடிக்கிறது. அவர் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

கல்லைப் பெயர்த்துவிட்டால் என்ன? அதுதான் முடியாதாம். அங்கே வண்டி புரளப் பார்த்துத் தப்பிப் பிழைத்த ஒரு டிரைவர் அதற்குக் குங்குமம் வைத்து சூடம் கொளுத்திவிட்டார். இப்போது அது முனியாண்டி. பெயர்க்கிற அலவாங்குக் கம்பியோடு கிட்டப் போக ஆளில்லை. அப்படியென்றால் வண்டியையே நன்றாகத் தூக்கிவிடலாமே என்றேன்.

"ஐயோ வேணாண்ணே! இப்பவே அவ வண்டியில ஏற ரெண்டு பேர் புடிக்கணும். கல்லுக்குத்தான் வண்டி ஒசரணும், அவளுக்கு ஒசரக் கூடாது."

பாதிதான் கிடைக்கும்

கடையிலேயே பெரிய டயரில் அவருக்குக் கண். தரையில் சாக்பீஸால் ரெண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். டயரின் மொத்த உயரம் நாலு அங்குலம் கூடினால் வண்டி ரெண்டு அங்குலம்தான் உயரும். மீதி ரெண்டும் மேலே மட்கார்ட் பக்கம் போய்விடும். ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்பீட் மீட்டரும் குறைத்துக் காட்டும். செல்வம் குந்தி உட்கார்ந்து வட்டங்களை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப பாதி டயர் எனக்கு, பாதி டயர் மட்கார்டுக்கா?"

மாவு வைத்துப் பார்த்தல்

டயர் எங்கே உரசும் என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்து ரொட்டிக் கடை நஸீர் நானாவிடம் ஒரு உருண்டை மாவு வாங்கி, மட்கார்டின் உள்பக்கம் அப்பிவிட்டு, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிப்பேன். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் மீதி இடம் தெரிந்துவிடும். பெரிய டயரை மாட்டிப் பார்த்தேன். மாவு ஒரு விரல் தடிப்புக்கு நசுங்காமல் நின்றது. பெருமையாக நிமிர்ந்தேன்.

"வெறும் வண்டியில பாத்தா போதுமாண்ணே?" என்றார் செல்வம். வெட்கமாகப் போய்விட்டது. தோட்டத்துக் கெப் என்றைக்கு வெறுமனே ஓடியிருக்கிறது? தேத்தண்ணிக் கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டோம். பின்னால் எட்டுப் பேர் ஏறினார்கள், முன் பம்பரில் மூன்று பேர் நின்று குலுக்கினார்கள். "கர்ர்ர்!" மாவு டயரோடு போயிற்று.

கழற்றிவிட்டு, ரெண்டு அங்குலம் மட்டும் பெரிதான டயரை மாட்டி, மறுபடி அத்தனை பேரையும் ஏற்றினோம். மாவு பிழைத்தது. வண்டிக்குக் கிடைத்தது ஒரே ஒரு அங்குலம். கல்லுக்கு அது போதுமா என்று செல்வம் பயந்த முகத்தோடுதான் போனார். எனக்கும் பயம்தான். நஸீர் நானா மட்டும் கலங்காமல் வாசலில் நின்றார்.

"நாளைக்கு லொறி வந்தா நேரத்தோட சொல்லுங்க தம்பி, ஒரு மூட்டை மாவு பிசையணும்."

முதல் கேள்வி

ரெண்டு மாதம் கழித்து கெப் கடை வாசலில் நின்றது. செல்வத்தின் மனைவி பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். பிள்ளையின் பெயரைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். "கல்லு தட்டுச்சா?" என்று கேட்டுவிட்டேன். செல்வம் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் வலி எடுத்து, ஓடிப் புறப்பட்டிருக்கிறார்கள். மீதியை மனைவிதான் சொன்னார்.

"தட்டலண்ணே. ஆனா நான் வலியில கத்துறேன், இவரு கல்லுக்கு மேல வண்டிய நிப்பாட்டிட்டு, எவ்வளவு எடம் இருக்குன்னு கீழ எறங்கிக் குனிஞ்சி பாத்தாரு!"

அந்த மனுஷனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வெளியே வந்தது, "எவ்வளவு இருந்துச்சு?"